ஊட்டிக்கு இன்னும் எத்தனை நடை?

கேள்வி: பந்தலூர் தாலுகாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிறோம். நான் கொழுந்து எடுக்கிறேன். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். மகனுக்கு 9 வயது. பிறந்ததும் அழவில்லை. மூளை முடக்குவாதம் என்று கேரளப் பக்கம் பத்தேரியில் சொன்னார்கள். பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைப்பான். அவன் பேச்சு வீட்டு ஆட்களுக்குத்தான் புரியும். மூன்றாம் வகுப்பில் பெயர் இருக்கிறது, வாரத்தில் இரண்டு நாள் போனால் பெரிது. நாலு வருடம் முன்பு ஒரு முகாமில் 60 சதவீதம் என்று சான்று கொடுத்தார்கள். உதவித்தொகை கேட்டால் 75 இருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊட்டிக்கு ஐந்து தடவை போய் வந்துவிட்டேன். போகிற நாளெல்லாம் ஒன்பதாவது படிக்கும் மகள் பள்ளிக்கூடம் போகாமல் தம்பியோடு வீட்டில் நிற்கிறாள். 3,000 ரூபாய் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்திருக்கிறார். பையனுக்குப் பணம் வந்தால் எனக்கு வரும் மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடும் என்று லைனில் பேசிக்கொள்கிறார்கள். "பிள்ளையைக் காட்டிக் காசு வாங்கணுமா" என்கிறார் மாமியார். நான் என்ன செய்வது? எனக்குப் பிறகு இவனுக்கு யார்?
— ஒரு வாசகி, பந்தலூர்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் சதவீதம், ரூபாய் என்று நிறைய எண்கள் இருக்கின்றன. என் கண்ணில் முதலில் பட்டது அந்த "ஐந்து தடவை"தான். பந்தலூரில் விடியற்காலை பஸ் ஏறி, கூடலூர் இறங்கி, நடுவட்டம் வழியாக வளைந்து வளைந்து ஊட்டி போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. போக வரப் பொழுது சரியாகிவிடும். ஒரு நாள் பேர், அதாவது கூலி, போகும். பஸ் சார்ஜ், டீ, சாப்பாடு. உங்கள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆப்சென்ட். இவ்வளவும் சேர்ந்தது ஒரு நடை. இந்த மலையில் இருபது வருடத்துக்கு மேலாக மறுவாழ்வுப் பணியில் இருக்கிறேன். உதவித்தொகை எவ்வளவு என்று கேட்பவர்களிடம், அதை வாங்க எத்தனை நடை ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்வேன்.

இதை நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலையில் சேர்ந்த புதிதில் கோத்தகிரிப் பக்கம் ஒரு குடும்பத்தை மூன்று தடவை ஊட்டிக்கு வரவைத்தேன். முதல் தடவை போட்டோ இல்லை. இரண்டாம் தடவை ரேஷன் கார்டு நகல் இல்லை. மூன்றாம் தடவை எல்லாம் இருந்தது, டாக்டர் லீவு. அந்தப் பையனின் அப்பா கோபப்படவில்லை. "சார், இந்த மூணு நாள் கூலியை நீங்களே எனக்குக் குடுத்திருந்தா மனுவே வேண்டாமே" என்று சிரித்தார். தப்பு முழுக்க என்னுடையது. முன்கூட்டியே ஒரு போன் போட்டிருக்கலாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முடிச்சு விழுந்திருப்பது அந்த 60 சதவீதச் சான்றில்.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கொடுக்கிறது. குழந்தைகளுக்கும் உண்டு. உடல் பாதிப்பை வைத்துக் கேட்டால் 75 சதவீதமும் அதற்கு மேலும் இருக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு என்றால் 40 சதவீதமே போதும். தசைச்சிதைவு நோய்க்கும் 40தான். உங்களைத் திருப்பி அனுப்பியவர் விதியைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் உங்கள் பையனிடம் பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் யாராவது பார்த்தார்களா என்பது வேறு கேள்வி.

முகாம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். வாசலில் இருநூறு பேர், உள்ளே ஒரு எலும்பு டாக்டர். பையனின் கால் விறைப்பைப் பார்த்திருப்பார், கையை மடக்கி நீட்டியிருப்பார், நடக்க வைத்திருப்பார், 60 என்று எழுதியிருப்பார். அவர் பார்த்த அளவுக்கு அது சரிதான். ஐந்து வயதில் பேச்சை யார் பார்த்தார்கள்? புரிந்துகொள்ளும் திறனை யார் சோதித்தார்கள்? மூளை முடக்குவாதம் காலோடு நிற்கிற விஷயம் இல்லை. பேச்சு, கண், காது, வலிப்பு, சாப்பாட்டை விழுங்குவது என்று பல பக்கம் கை வைக்கும். அதையெல்லாம் தனித்தனியாகப் பார்த்துத்தான் மொத்தச் சதவீதம் போட வேண்டும்.

அந்தக் கூட்டல் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த கூட்டல் இல்லை. 60-ம் 50-ம் சேர்ந்து 110 ஆகாது. பெரிய எண்ணை 90-இல் கழிக்க வேண்டும். மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும். கை கால் பாதிப்பு 60, பேச்சுப் பாதிப்பு 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். 90-இல் 60 போனால் 30. 50-ஐ 30-ஆல் பெருக்கினால் 1,500. அதை 90-ஆல் வகுத்தால் 16.7 வரும். 60-உடன் சேர்த்தால் 76.7. வாசலில் திருப்பி அனுப்பிய அந்த 75-ஐத் தாண்டிவிட்டது. டாக்டர் ஒருவரிடம் போய் "60-ஐ 75 ஆக்கிக் கொடுங்க" என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும், வரவும் வேண்டும். "பேச்சையும் புரிதலையும் இதுவரை பார்க்கவில்லை, பார்த்து எழுதுங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அறிவுசார் குறைபாடு 40 சதவீதம் என்று எழுதினாலே பணம் வந்துவிடும் என்று தெரிந்ததும், சில வீடுகளில் அந்த முத்திரையையே கேட்டு வாங்கப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் பலருக்குப் புத்தி நன்றாகவே இருக்கும். வாய் ஒத்துழைக்காததால் மந்தம் என்று ஊர் சொல்லும், வாத்தியாரும் சொல்வார். எனக்குத் தெரிந்த ஒரு பெண் பிள்ளை, கூடலூர்ப் பக்கம். ஏழு வருடம் "ஒண்ணும் புரியாது" என்றே வைத்திருந்தார்கள். யாராவது வேடிக்கையாகப் பேசினால் மற்ற பிள்ளைகளுக்கு ஒரு நொடி முன்னாடியே அவள் சிரிப்பாள். அதைக் கவனித்தது அவளுடைய பாட்டி மட்டும்தான். அட்டையில் படங்களை ஒட்டி, கண்ணால் காட்டச் சொல்லிப் பழக்கினோம். இப்போது தமிழ் எழுத்துக் கூட்டுகிறாள். ஆகவே சோதனை செய்யச் சொல்லுங்கள், முடிவை நீங்களே முன்கூட்டி எழுதிக்கொண்டு போகாதீர்கள். சோதனையில் குறைபாடு இருப்பதாக வந்தால் அது அவனுக்கு உண்மை, பணமும் வரும். இல்லை என்று வந்தால் அது அதைவிட நல்ல செய்தி. அப்போது பேச்சுக்கான மதிப்பீடு கை கொடுக்கும். சோதனை செய்பவரிடம் ஒரு வார்த்தை: "இவன் வாயால் சொல்ல மாட்டான், கண்ணாலும் கையாலும் காட்டுவான்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சான்றில் இன்னொன்றையும் பாருங்கள். நோயின் பெயர் என்னவென்று எழுதியிருக்கிறது? "கை கால் இயக்கக் குறைபாடு" என்று மட்டும் இருந்தால், அதை "மூளை முடக்குவாதம்" என்று பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் அது ஒரு வகை. அந்த ஒரு பெயருக்கு எவ்வளவு மதிப்பு என்று கீழே வரும். சான்றின் அடியில் காலாவதித் தேதி இருக்கிறதா என்றும் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான். ஐந்து வயதில் வாங்கியது என்றால் புதுப்பிக்கும் நேரம் எப்படியும் வந்திருக்கும். மறுமதிப்பீடு கேட்க அதையே காரணமாகச் சொல்லலாம்.

பத்தேரி, கோழிக்கோடு என்று அந்தப் பக்கம் பார்த்த சீட்டுகள் இருந்தால் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். பந்தலூர்க்காரர்களுக்கு ஊட்டியைவிட வயநாடு பக்கம், அங்கேதான் போவோம், அதில் தப்பில்லை. தமிழ்நாட்டு உதவிக்குச் சான்று கொடுக்க வேண்டியது இங்குள்ள அரசு மருத்துவக் குழு. ஆனால் பிறந்ததும் அழவில்லை, எப்போது வலிப்பு வந்தது, ஸ்கேனில் என்ன தெரிந்தது என்பதற்கு அந்தச் சீட்டுகள்தான் சாட்சி. தேதி வாரியாக அடுக்கி ஒரு பிளாஸ்டிக் கவரில் போடுங்கள். மழைக்காலத்தில் லைன் வீட்டுப் பரண் என்ன கதி ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்து ஆதார். இதில் சிக்குகிறவர்கள் ஏராளம். குழந்தையாக இருக்கும்போது எடுத்த ஆதாரில் கைரேகை இருக்காது. ஐந்து வயது ஆனதும் ஒரு தடவை, பதினைந்தில் ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். பையனுக்கு 9 ஆகிறது, புதுப்பித்தீர்களா? விறைப்பு உள்ள பிள்ளையின் விரலை மெஷினில் விரித்து வைப்பது லேசில்லை. பதற்றப்பட்டால் கை இன்னும் இறுகும். ஒரு சென்டரில் அப்படி ஒரு பிள்ளையின் கட்டைவிரலை இரண்டு பேர் பிடித்து இழுப்பதை நானே பார்த்து நிறுத்தினேன். ரேகை எடுக்க முடியாதவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. அதை வைத்துப் பதியச் சொல்லுங்கள். கண்ணும் போட்டோவும் போதும் என்கிற மாதிரி முடித்துக் கொடுப்பார்கள். அப்புறம் பெயர். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் என்றால் பழைய காகிதத்தில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு இனிஷியல் என்று இருக்கும். பையனின் பெயர், உங்கள் பெயர் இரண்டும் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று மகளை உட்கார வைத்துச் சரிபாருங்கள். ஒன்பதாவது படிக்கிற பெண், உங்களையும் என்னையும்விட நன்றாகப் பார்ப்பாள்.

பாஸ்புக் பையன் பெயரில், பாதுகாவலராக நீங்கள் இருக்கும்படி தொடங்குங்கள். வீட்டுக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் இருப்பது திருப்பூரில். ஏடிஎம் கார்டும் அங்கே போய்விட்டால் பந்தலூரில் பால் வாங்க நீங்கள் போனில் கெஞ்ச வேண்டி வரும்.

இதெல்லாம் தயாரான பிறகு ஊட்டிக்கு ஒரே நடை. அதற்கு முன் கூடலூர், பந்தலூரிலேயே முடிகிற வேலைகளை முடித்துவிடுங்கள். தனித்துவ அடையாள அட்டைக்கு, அதாவது எல்லாரும் யுடிஐடி கார்டு என்கிறார்களே அதற்கு, இ-சேவை மையத்திலேயே ஆன்லைனில் பதியலாம். அரசு அதற்குக் கட்டணம் கேட்பதில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போன் போட்டு, எலும்பு, மனநலம், காது மூக்கு தொண்டை ஆகிய மூன்று டாக்டர்களும் ஒரே நாளில் மருத்துவக் குழுவில் இருக்கும் கிழமை எது என்று கேளுங்கள். பேச்சைப் பார்ப்பது காது மூக்கு தொண்டைப் பிரிவில். இந்த ஒரு போன்தான் உங்கள் மகளின் மூன்று ஆப்சென்ட்டை மிச்சப்படுத்தும். அன்றைக்கே பராமரிப்பு உதவித்தொகை மனுவையும் கொடுத்து, மனு எண்ணைக் கையில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.

தாலுகா ஆபீஸில் கிடைப்பது இதுவல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் குழம்புகிறார்கள். அங்கே கொடுப்பது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். பையனுக்கு வழி மாவட்ட நல அலுவலகம்தான். அவனைத் தூக்கி இறக்க, ஊட்ட, கழுவ ஒரு ஆள் எப்போதும் கூடவே வேண்டும் என்ற நிலை இருந்தால், உயர் ஆதரவு தேவைப்படுவோருக்கு உதவியாளர் செலவுக்கென்று மாதம் 1,000 ரூபாய் தனியாக இருக்கிறது. பராமரிப்புத் தொகை கிடைத்த கையோடு அதையும் கேளுங்கள்.

லைனில் சொல்வதைப் பற்றி. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் நின்றுவிடுமா? நிற்காது. 2023-இல் அந்தத் திட்டம் வந்தபோதே இதற்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். முதியோர் ஓய்வூதியம் மாதிரி தொகை வாங்கும் குடும்பங்களுக்குக் கிடையாது என்று சொன்னார்கள்; ஆனால் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை வாங்கும் கடும் பாதிப்புள்ளவர், அறிவுசார் குறைபாடு உள்ளவர் இருக்கும் குடும்பத்துப் பெண் மற்ற தகுதிகள் இருந்தால் வாங்கலாம். இந்தப் புரளியால் பிள்ளைக்கு மனுவே போடாமல் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். ஆயிரத்துக்குப் பயந்து இரண்டாயிரத்தை விட்டவர்கள்.

இப்போது அந்த "மூளை முடக்குவாதம்" என்ற பெயரின் மதிப்பு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் என்று ஒன்று 1999-இல் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்று நான்குக்கு மட்டும் உள்ளது அது. அதன் கீழ் நிராமயா என்று ஒரு மருத்துவக் காப்பீடு. வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. சேரும்போது உடல் பரிசோதனை எதுவும் கேட்க மாட்டார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சேர்க்கைக் கட்டணம் 250, மற்றவர்களுக்கு 500. வருடா வருடம் புதுப்பிக்க இன்னும் குறைவு. சான்றில் அந்த நான்கில் ஒன்றின் பெயர் இல்லாவிட்டால் சேர முடியாது, அதனால்தான் மேலே அவ்வளவு சொன்னேன்.

எனக்கு நிராமயா பிடிக்கக் காரணம், அது எல்லையைப் பார்ப்பதில்லை. முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் பெரிய தொகைதான், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் அதையும் கட்டாயம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில், படுத்து வைத்தியம் பார்க்கும்போது உதவுவது. மூளை முடக்குவாதப் பிள்ளைக்குச் செலவு அப்படி வருவதில்லையே. ஒரேயடியாக லட்சமாக வராது. வாரம் ஒரு பிசியோதெரபி, மாதம் ஒரு வலிப்பு மருந்து, வண்டிச் சார்ஜ் என்று சொட்டுச் சொட்டாக வந்து கரைக்கும். நிராமயாவில் புற நோயாளிச் செலவு, தெரபி, போக்குவரத்து எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரி என்றும் கேட்பதில்லை. பத்தேரியில் பார்த்தாலும் பில்லைக் கொடுத்துப் பணம் திரும்ப வாங்கலாம். முதலில் கைக்காசு போட வேண்டும் என்பது ஒரு தொல்லை, ஒத்துக்கொள்கிறேன். பில்லில் பையன் பெயர், தேதி, டாக்டர் கையெழுத்து இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள், வீட்டில் சேர்த்து வைக்காமல் உடனே அனுப்புங்கள். வருடக் கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். புதுப்பிப்பதை மறந்தால் பாலிசி போச்சு. காலண்டரில் மார்ச் பக்கத்தில் இப்போதே வட்டம் போடுங்கள்.

பள்ளிக்கூடம். வாரம் இரண்டு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள், ஏன் என்று எழுதவில்லை. ஊகிக்கிறேன்: தூரம், தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை, ஆனை நடமாட்டம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையம் என்று இருக்கிறதே, அங்கே சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், பிசியோதெரபிஸ்ட்டும் உண்டு. பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பதும், வரக்கூடிய பிள்ளைக்குப் போக்குவரத்துப்படி, துணையாள்படி கொடுப்பதும் அவர்கள் வேலையில் அடங்கியது. தலைமையாசிரியரிடம் வாயால் கேட்காமல் எழுதிக் கொடுங்கள். கல்வி உதவித்தொகை தனி: இப்போது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருடம் 2,000, ஆறிலிருந்து எட்டு வரை 6,000, அதற்கு மேல் பன்னிரண்டு வரை 8,000. 18 வயது வரை இலவசக் கல்வி என்பது சட்டமே சொல்வது, ஆகவே எந்தப் பள்ளியும் "இங்கே முடியாது" என்று கை விரிக்க முடியாது.

உபகரணம் பற்றிச் சுருக்கமாக. மூளை முடக்குவாதப் பிள்ளைக்குச் சாதாரண வீல்சேர் வேண்டாம், அவர்களுக்கென்று இருக்கும் சிறப்பு நாற்காலியைக் கேளுங்கள். தலை ஒரு பக்கம் சாயாமல், இடுப்பு வழுக்காமல் பிடிப்பது அதுதான். மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில் பெரியவர்களுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்றால், 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒரு வருடத்திலேயே மாற்றித் தரலாம். வளருகிற பிள்ளை, போன வருட நாற்காலி இந்த வருடம் சேராது. தையல் மெஷின் இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று யாராவது சொல்வார்கள். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் அம்மாக்களுக்கு உண்டுதான். லைனில் ஏற்கெனவே எத்தனை மெஷின் மேல் துணி மூடிக் கிடக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு மனு போடுங்கள்.

பஸ் விஷயத்திலும் கார்டைக் கையிலேயே வைத்திருங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை. வெளியூர் அரசு பஸ்ஸில் கால் பங்குக் கட்டணம்தான்.

"எனக்குப் பிறகு யார்?" என்ற கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் காகிதத்தில் செய்து வைக்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று உங்கள் தோட்ட ஆபீஸிலேயே இருக்கிறது. உங்களுக்கு பி.எஃப். பிடிக்கிறார்கள், அதில் ஒரு பங்கு 1995-ஆம் வருட ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. உறுப்பினர் இறந்துவிட்டால் பிள்ளைகளுக்கு வரும் மாதாந்திர ஓய்வூதியம் சாதாரணமாக 25 வயதோடு நின்றுவிடும். முழுமையான, நிரந்தரக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு வயது வரம்பே கிடையாது, ஆயுள் முழுக்க வரும். தொகை பெரிதில்லை. ஆனால் நிற்காது. உங்கள் பி.எஃப். பதிவில் குடும்ப விவரத்தில் பையன் பெயர் இருக்கிறதா? கல்யாணமான புதிதில் கொடுத்த படிவத்தில் அம்மா அப்பா பெயரை எழுதி, அதன் பிறகு மாற்றாதவர்கள்தான் அதிகம். செக்ரோல், அதாவது வேலைக்கு வந்த கணக்கு, எழுதும் கிளார்க்கிடம் கேட்டுச் சரிபாருங்கள். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் பி.எஃப். இருந்தால் அங்கேயும் இதையே செய்யச் சொல்லுங்கள். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு தோட்டத்து கிளார்க்தான், எந்த அதிகாரியும் இல்லை.

இன்னொன்றுக்கு இன்னும் 9 வருடம் இருக்கிறது. பையனுக்கு 18 ஆகிவிட்டால், சட்டப்படி அம்மா அப்பாகூடத் தானாகவே பாதுகாவலர் இல்லை. திடீரென்று ஒரு நாள் வங்கியில் "அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்" என்பார்கள். அவனால் தானே முடிவெடுக்க முடிந்தால் நல்லது, அவன் போடட்டும், கைநாட்டாவது போடட்டும். முடியாவிட்டால் அதே தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் கலெக்டர் தலைமையில் இருக்கும் உள்ளூர் அளவிலான குழுவிடம் மனு கொடுத்துப் பாதுகாவலர் நியமனம் வாங்கலாம். கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். யாரை நியமிப்பது என்று வரும்போது, "அக்கா இருக்கிறாள்ல" என்று எல்லாரும் உங்கள் மகளைக் காட்டுவார்கள். அவளிடம் கேட்காமல் அந்த வார்த்தையை அவள் முன்னால் சொல்லாதீர்கள். அவளுக்கு இப்போது பதினாலு வயது, பத்தாவது வரப்போகிறது.

மாமியாருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். முதல் மாதப் பணம் வந்ததும் பையனுக்குப் பால், முட்டை வாங்கி அவர் கையாலேயே ஊட்டச் சொல்லுங்கள். அந்தத் தலைமுறை பட்டது வேறு. கப்பல் ஏறி வந்து இறங்கி, ஒவ்வொரு காகிதத்துக்கும் கை கட்டி நின்றவர்கள். ஆபீஸ் வாசல் என்றாலே அவர்களுக்குக் கூசும்.

அந்த 3,000 ரூபாய் ஆளுக்கும் ஒன்றும் கொடுக்காதீர்கள். அவர் செய்யப்போவது நீங்கள் செய்யக்கூடிய அதே மனுதான்; மருத்துவக் குழு முன்னால் பையன் நேரில் வந்தே ஆக வேண்டும், அதை அவரால் வாங்கித் தர முடியாது. ஆதார் நகலையும் பாஸ்புக்கையும் அவரிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் முதல் வேலையாகத் திரும்ப வாங்குங்கள். மனு போட்டு இரண்டு மாதமாகியும் சத்தமில்லை என்றால் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணுக்குப் போன் போட்டு மனு எண்ணைச் சொல்லுங்கள். அப்படியும் நகராவிட்டால் திங்கட்கிழமை, ஊட்டி பிங்கர்போஸ்டில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டர் கையில் கொடுங்கள். அது கடைசி நடையாக இருக்கட்டும், முதல் நடையாக வேண்டாம்.

மருத்துவக் குழு கூடும் நாளுக்குக் கிளம்பும்போது: வளைவில் பிள்ளைகளுக்கு வாந்தி வரும், அதுவும் மடியில் சாய்ந்தே வருகிற பிள்ளைக்கு. காலையில் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள், இரண்டு பிஸ்கட் போதும். வலிப்பு மருந்தை மட்டும் தவறவிடக் கூடாது. டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டைக் கேளுங்கள், கார்டைக் காட்டினால் விட்டுக்கொடுப்பார்கள். தலைக்குந்தா தாண்டியதும் குளிர் சுருக்கென்று ஏறும். குளிரில் அவனுக்கு விறைப்பு கூடும், டாக்டர் காலை மடக்கினால் அழுவான். ஸ்வெட்டர் போதாது, காலுக்கு உல்லன் சாக்ஸும் ஒரு போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கூப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு ஒரு டீக்கடை சுடுதண்ணீர் வாங்கி, துணி நனைத்து அவன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.